858 டெராபைட்: ‘அளவு பெரிது’ என்பது ஒரு காரணமாகுமா?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, தென் கொரியாவின் தேஜோன் நகரில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தீப்பற்றியது. அந்நாட்டு அரசின் கணிப்பொறிகள் பெரும் எண்ணிக்கையில் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டிருந்த தேசியத் தகவல் வள நிலையம் அது. தீயை முழுவதும் அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. தபால் நிலையச் சேமிப்பு வங்கி முதல் கைபேசியில் காட்டும் அடையாள அட்டை வரை, அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் ஒரே இரவில் நின்றுபோயின.

நின்றவற்றைச் சிறிது சிறிதாக மீட்டார்கள். ஆனால் ஒன்றை மீட்க இயலாது என்று அக்டோபர் தொடக்கத்தில் அரசே அறிவித்தது. அதன் பெயர் ‘ஜி-டிரைவ்’. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டுவைக்கும் பொதுச் சேமகம் அது. ஆளுக்கு 30 கிகாபைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதைப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்த 858 டெராபைட் அளவுள்ள தகவல் சாம்பலாகிவிட்டது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை.

ஏன் இல்லை? இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையைப் பற்றியதே இவ்விமர்சனம். “அளவு மிகப் பெரியது, வேகம் குறைந்த, கொள்ளளவு மிகுந்த சேமகம், ஆகவே வெளியே நகல் எடுத்துவைக்க அதன் அமைப்பு இடங்கொடுக்கவில்லை” என்பதே அந்த விடையின் சாரம். கேட்டவுடன் நியாயம் போலத் தோன்றும் விடைதான். 858 டெராபைட் என்றால் சாமானியமா என்று நீங்களும் எண்ணக்கூடும். வாருங்கள், அது சரிதானா என்று ஆராய்வோம்.

தீ எவ்வாறு மூண்டது?

முதலில் தீயைப் பற்றிச் சில சொற்கள். மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டாலும் கணிப்பொறிகள் நின்றுவிடும். ஆகையால் இத்தகைய நிலையங்களில் வரிசை வரிசையாகப் பேட்டரிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தேஜோனில் இருந்தவை லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தவை. உங்கள் கைபேசிக்குள் இருப்பதும் அதே வகைதான், அளவில்தான் வேறுபாடு.

இப்பேட்டரியின் இரு மின்முனைகளையும் மெல்லிய தாள் போன்ற ஒரு படலம் பிரித்து வைக்கிறது. ஏதோ காரணத்தால் அப்படலம் பழுதுபட்டால் முனைகள் ஒன்றையொன்று தொடும், வெப்பம் எழும். அவ்வெப்பம் உள்ளிருக்கும் வேதிப்பொருள்களை வினைபுரியத் தூண்டும். அவ்வினை மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வாறு வெப்பம் வெப்பத்தைப் பெருக்கிக்கொண்டே போகும். நேர்முனையில் உள்ள பொருள் சிதையும்போது ஆக்சிஜனும் வெளிப்படுவதால், காற்றைத் தடுத்து இத்தீயை அணைப்பது கடினம். ஒரு பேட்டரியின் சூடு பக்கத்துப் பேட்டரிக்குத் தொற்றும். ஏராளமான நீரைப் பாய்ச்சிக் குளிர்விப்பதே சிறந்த வழி. ஆனால் கணிப்பொறிகள் நிறைந்த கூடத்தில் நீரைப் பாய்ச்சுவது எளிய முடிவன்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேதனையான செய்தி உண்டு. பேட்டரிகளும் கணிப்பொறிகளும் ஒரே கூடத்தில் இருப்பது அபாயம் என்று அறிந்து, பேட்டரிகளைக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையின் நடுவில்தான் தீ மூண்டது. அபாயத்தை அவர்கள் அறியாதிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அறிந்து, அதை நீக்கும் வழியில் பாதியிலிருந்தார்கள்.

ஆகவே தீப்பிடித்ததற்காக இங்கே நாம் யாரையும் குறை கூறப் போவதில்லை. தீப்பிடிக்கும், வெள்ளம் புகும், எலி கம்பியைக் கடிக்கும், மனிதன் தவறான பொத்தானை அழுத்துவான். எந்த நாட்டிலும் எந்த அலுவலகத்திலும் இவை நேரும். நேர்ந்தபின் எது மிஞ்சும் என்பதை நேர்வதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருந்தார்களா என்பதே நம் கேள்வி.

ஒரே வீட்டில் இரண்டு சாவிகள்

‘பேக்கப்’ என்று அலுவலகங்களில் வழங்கும் சொல்லைக் காப்பு நகல் என்று கூறலாம். இச்சொல்லைப் பலர் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளை ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெரிய சேமகங்களில் நூற்றுக்கணக்கான வட்டுகள் இருக்கும். ஏதாவது ஒரு வட்டு பழுதானால் வேலை நின்றுவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதுவார்கள். அல்லது, இழந்த பகுதியை மற்ற வட்டுகளில் உள்ள எண்களிலிருந்து கணக்கிட்டுப் பெறும்படி அமைப்பார்கள். இது நல்ல ஏற்பாடு. இன்று எந்தச் சேமகமும் இதில்லாமல் கட்டப்படுவதில்லை.

ஆனால் இது காப்பு நகலாகாது. வீட்டுச் சாவிக்கு மறுசாவி ஒன்று செய்து அதையும் அதே வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவைப்பதைப் போன்றது இது. ஒரு சாவி உடைந்தால் மற்றது உதவும். கதவு பூட்டிக்கொண்டு நீங்கள் வெளியே நின்றால் இரண்டுமே உதவா. மேலும், ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தீர்களானால் இரட்டை வட்டு அமைப்பு உங்கள் கட்டளையை இரண்டு வட்டுகளிலும் உண்மையாக நிறைவேற்றும். கோப்பு இரண்டிலும் போய்விடும்.

காப்பு நகல் என்ற பெயருக்குத் தகுதி பெற வேண்டுமானால் அந்நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். மூலத்துக்கு நேரும் கேடு அதைத் தொடக் கூடாது. தேஜோன் நிலையத்தார் இதை அறிந்தே இருந்தனர். அங்கிருந்த மற்ற அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே நிலையத்தில் தனிக் கருவிகளிலும், தொலைவிலுள்ள வேறிடத்திலும் நகல் எடுக்கப்பட்டு வந்தது. ஜி-டிரைவ் மட்டும் அந்த வளையத்துக்கு வெளியே நின்றது. காரணம், அதன் அளவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத்தில் சுமார் 2,000 எழுத்துக் குறிகள் இருப்பதாகக் கொள்வோம். இன்று வழக்கிலுள்ள முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. ஆகப் பக்கத்துக்கு 6,000 பைட். இக்கணக்கின்படி 858 டெராபைட்டில் ஏறத்தாழ 14,300 கோடிப் பக்கங்கள் அடங்கும். தலை சுற்றும் எண்தான். படங்களும் விரிதாள்களும் கலந்திருந்ததால் உண்மையில் பக்கங்கள் இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்; ஆனாலும் மலைப்பூட்டும் குவியல் என்பதில் ஐயமில்லை.

இனி, இக்குவியலை எதில் பதியலாம் என்று பார்ப்போம். காந்த நாடா என்றதும் அது பழங்காலப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் இன்றும் நீண்டநாள் பாதுகாப்புக்கு நாடாவை நம்புகின்றன. 2021இல் சந்தைக்கு வந்த எல்.டி.ஓ-9 என்னும் வகை நாடாப் பெட்டி ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். அப்பெட்டி உள்ளங்கையில் அடங்குவது. சுமார் 10 சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த தடிப்பும் கொண்டது. உள்ளே ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள நாடா சுற்றப்பட்டிருக்கும்.

858ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள். 47.7 வரும். அதாவது 48 நாடாப் பெட்டிகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் சுமார் ஒரு மீட்டர். மேசை உயரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ஒரு நாட்டின் லட்சம் ஊழியர்கள் சேர்த்துவைத்த உழைப்பு, ஒரு சாதாரணப் பீரோவின் இரண்டு தட்டுகளில் அடங்கிவிடக்கூடியது.

“இடம் சரி, நேரம் என்னாகும்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இவ்வகை நாடாவில் ஒரு பதிவுக் கருவி நொடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். 858 டெராபைட்டை 400 மெகாபைட்டால் வகுத்தால் 21,45,000 நொடிகள். சுமார் 25 நாள். ஐந்து கருவிகளை ஒரே சமயத்தில் ஓட்டினால் 5 நாள். நாடாவுக்குப் பதிலாக, தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்துக்கு நொடிக்கு 10 கிகாபிட் செல்லும் ஒரே கம்பி வழியாக அனுப்பினால் சுமார் 8 நாள்.

இவை ஏட்டுக் கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில் வேகம் குறையும். இரண்டு மடங்காகட்டும், நான்கு மடங்காகட்டும். ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டால்கூட மூன்று நான்கு மாதங்களுக்குள் முடிகிற வேலை இது. அனைவரும் கோப்புகளை ஜி-டிரைவில்தான் வைக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் பிறந்தது 2018இல். தீ மூண்டது 2025இல். இடையில் ஏழு ஆண்டுகள் இருந்தன.

அதுமட்டுமன்று, முழு நகலை நாள்தோறும் எடுக்க வேண்டியதில்லை. முதன்முறை மட்டும் முழுவதையும் எடுத்துவிட்டு, அதன்பின் அன்றன்று மாறியவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஒரு நாளில் நூற்றில் ஒரு பங்கு மாறுவதாக வைத்துக்கொண்டால்கூட அது 8.58 டெராபைட். ஒரே கருவி அதை ஆறு மணி நேரத்தில் எழுதிவிடும். ஊழியர்கள் வீட்டில் உறங்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

எதிர்வாதங்கள்

விமர்சனம் என்றால் மறுபக்கத்தையும் கேட்பதுதான் முறை. கொரிய அரசின் தரப்பில் நின்று மூன்று வாதங்களை வைக்கலாம்.

முதலாவது, நகல் எடுக்கும்போதே ஊழியர்கள் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஓடும் ரயிலைப் படம் எடுப்பதைப் போன்ற வேலை அது. உண்மைதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட கணத்தில் சேமகம் இருந்த நிலையை உறைய வைத்து, அந்நிலையிலிருந்து நகல் எடுக்கும் உத்தி நீண்ட காலமாக வழக்கில் உள்ளது. இரண்டாவது, சிறுசிறு கோப்புகள் கோடிக்கணக்கில் இருந்தால் வேகம் வெகுவாகக் குறையும். இதுவும் உண்மை, ஆனால் இது வேலையை நீட்டுமேயன்றித் தடுக்காது. மூன்றாவது, செலவு. இதுதான் வலுவான வாதம். நாடாக்கள் மட்டும் போதா. கருவிகள், வேறிடத்தில் கட்டடம், ஆட்கள் எல்லாம் வேண்டும். அரசுப் பணத்தில் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் செலவு காரணமாக இருந்தால் செலவு என்றே சொல்லியிருக்க வேண்டும். “இத்தனை ரூபாய் மிச்சமாகும், பதிலுக்கு இத்தகவல் முழுவதையும் ஒரே இரவில் இழக்கும் அபாயத்தை ஏற்கிறோம்” என்று எழுதிக் கையொப்பமிட எந்த அதிகாரியும் துணிந்திருக்க மாட்டார். ‘அமைப்பு இடங்கொடுக்கவில்லை’ என்ற சொற்றொடர் அந்தத் தீர்மானத்தை யாரும் எடுக்காமலேயே எடுக்க உதவியது. நகல் எடுக்க இயலாத அமைப்பு வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் அதைத் திட்டமிட்டு, விலை பேசி, வாங்கி வைத்தார்கள். வாங்கும் நாளிலேயே “இதற்கு நகல் எடுப்பது எப்படி?” என்று கேட்டிருந்தால் வேறொன்றை வாங்கியிருப்பார்கள்.

இரண்டு வெவ்வேறு கேள்விகள்

இங்கே மாணவர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. ஒரு விபத்துக்கு முன்னேற்பாடு செய்பவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்று: இச்சேவை எவ்வளவு நேரம் நின்றால் தாங்கலாம்? மற்றொன்று: இதில் எவ்வளவு தகவலை இழந்தால் தாங்கலாம்?

தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு செல்லும் அமைப்பை எண்ணிப் பாருங்கள். அது ஐந்து நிமிடம் நின்றாலும் உயிர் போகலாம். ஆனால் அதிலுள்ள போன மாத அழைப்புப் பட்டியல் தொலைந்தால் பெரிய இழப்பில்லை. ஊழியர்களின் கோப்புச் சேமகம் இதற்கு நேர்மாறு. அது இரண்டு நாள் நின்றால் மக்கள் எவரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் உள்ளிருப்பது தொலைந்தால் பல ஆண்டு உழைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். பலவற்றைச் செய்யவே முடியாது.

பல அலுவலகங்களில் முதற் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, எது உடனே கூச்சலை எழுப்புமோ அதற்குப் பாதுகாப்பைக் குவிக்கிறார்கள். ஓசையின்றிப் பின்னறையில் கிடப்பது மறக்கப்படுகிறது. ஆனால் மீண்டும் உண்டாக்க முடியாத தகவல் பெரும்பாலும் அந்தப் பின்னறையில்தான் இருக்கும்.

சொன்னபடி கேட்டவர்களுக்கு நேர்ந்தது

இந்நிகழ்ச்சியில் என் மனத்தை மிகவும் உறுத்துவது இனிச் சொல்லப் போவதுதான். 2018இல் வந்த வழிகாட்டுதல், “அலுவல் கோப்புகளை மேசைக் கணிப்பொறியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள்” என்றது. பாதுகாப்பே அதன் நோக்கம். ஊழியரின் கணிப்பொறி தொலையலாம், பழுதாகலாம், ரகசியம் கசியலாம். மையச் சேமகம் பத்திரமானது என்பது கருத்து. கருத்தில் தவறில்லை.

ஆனால் விளைவு என்னவாயிற்று? பணியாளர் மேலாண்மை அமைச்சகம் அவ்வழிகாட்டுதலை முழுமையாகப் பின்பற்றி, எல்லாக் கோப்புகளையும் ஜி-டிரைவிலேயே வைத்திருந்தது. அதற்கே இழப்பு மிகப் பெரிது. ஜி-டிரைவை அதிகம் பயன்படுத்தாத அலுவலகங்கள் ஓரளவு தப்பின. ஒழுங்காக நடந்தவர் எல்லாவற்றையும் இழந்தார். விதியைச் சற்று அலட்சியம் செய்தவர் பிழைத்தார்.

முறைப்படி ஒப்புதல் பெற்ற இறுதி ஆவணங்கள் வேறோர் அமைப்பில் இருந்ததால் அவை தப்பின என்பது ஆறுதல். போனவை குறிப்புகள், வரைவுகள், திரட்டிய விவரங்கள், பாதியில் நின்ற வேலைகள். எஞ்சியதைச் சேர்த்தெடுக்க ஊழியர்கள் தங்கள் மேசைக் கணிப்பொறியில் தங்கியிருந்த அண்மைக் கோப்புகளையும், மின்னஞ்சல்களையும், அச்சுத் தாள்களையும் துழாவ வேண்டியதாயிற்று.

ஒரு நிறுவனம் தன் ஊழியரைப் பார்த்து, “உன்னிடம் நகல் வைத்துக்கொள்ளாதே, என்னிடம் கொடு” என்று சொன்னால், அந்தக் கணத்திலேயே காக்கும் பொறுப்பும் அதன் தோளுக்கு மாறிவிடுகிறது. தனி ஆளிடம் சிதறிக் கிடந்தபோது ஒரு தீயில் ஒருவருடையது போகும். ஒரே இடத்தில் குவித்தபின் ஒரு தீயில் எல்லாருடையதும் போகும். குவிப்பவர் இரு மடங்கு எச்சரிக்கையாக இருக்கக் கடமைப்பட்டவர். தேஜோனில் குவித்தல் நடந்தது, கடமை நடக்கவில்லை.

பட்டியலும் அகப்படவில்லை

மற்றொரு செய்தியையும் கவனியுங்கள். நின்றுபோன அமைப்புகள் 647 என்று முதலில் கூறப்பட்டது. இரண்டு வாரம் சென்றபின் அவ்வெண் 709 என்று திருத்தப்பட்டது. எண்ணிக்கையில் ஏன் இத்தடுமாற்றம்? எந்தெந்த அமைப்புகள் அங்கே உள்ளன என்பதைக் காட்டும் மேலாண்மை அமைப்பும் அதே நிலையத்தில் நின்றுபோயிருந்தது. அது மீண்ட பின்னரே சரியான எண்ணிக்கை கிடைத்தது.

வீடு தீப்பற்றினால் எதை எதை எடுக்க வேண்டும் என்று எழுதிய தாளை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதற்கு ஒப்பானது இது. மீட்புத் திட்டம் என்பது கணிப்பொறிக்குள் இருக்கும் கோப்பாக மட்டும் இருக்கலாகாது. யாரைத் தொலைபேசியில் அழைப்பது, எதை முதலில் இயக்குவது, கடவுச்சொற்கள் எங்கே என்பன தாளில் அச்சிடப்பட்டு வேறிடத்தில் இருக்க வேண்டும். இது மிகப் பழைய முறைதான். ஆனால் மின்சாரமில்லாத நாளில் வேலை செய்யும் முறை.

இத்தனைக்கும் அந்நாட்டுக்கு எச்சரிக்கை கிடைக்காமலில்லை. 2022 அக்டோபர் 15ஆம் நாள் பான்க்யோ என்னுமிடத்தில் ஒரு தனியார் நிலையத்தில் பேட்டரி தீப்பற்றியது. நாடெங்கும் மக்கள் பயன்படுத்தும் ‘ககாவோ டாக்’ என்ற செய்திச் சேவை முடங்கியது. எல்லாம் சீராக ஐந்து நாளுக்கு மேலாயிற்று. அதன்பின் தனியார் நிறுவனங்களுக்குச் சட்டம் இறுக்கப்பட்டது. அரசு நிலையத்துக்கு இப்படி நேர்ந்தால் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்றும் அப்போது உறுதி கூறப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, அந்த மூன்று மணி நேரம் வாரக்கணக்கில் நீண்டதை உலகம் பார்த்தது. பிறருக்கு விதித்த பாடத்தைத் தான் படிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து அரசு தப்ப முடியாது.

நகல் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு வேறொரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். கணிப்பொறி நிரல் எழுதுவோர் தம் வேலையைச் சேர்த்துவைக்கும் இடமான ‘கிட்லேப்’ நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு, களைத்துப்போன பொறியாளர் ஒருவர் ஒரு தகவல் தொகுப்பை அழித்தார். துணைக் கணிப்பொறியில் அழிப்பதாக அவர் எண்ணினார். அழித்ததோ முதன்மைக் கணிப்பொறியில். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் அளவே மிஞ்சியது.

கவலையில்லை, ஐந்து விதமான காப்பு முறைகள் இருக்கின்றன என்று தேடினார்கள். ஒன்றுகூட உரியபடி உதவவில்லை. நாள்தோறும் நகல் எடுத்துவந்த நிரல், தகவல் தொகுப்பின் பதிப்பு எண் பொருந்தாததால் வெகுநாளாகத் தோல்வியடைந்துகொண்டிருந்தது. நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய முத்திரையின்றிப் போனதால் திருப்பப்பட்டுவிட்டன. அபாய மணி அடித்தது. அதன் ஓசை எவர் காதுக்கும் எட்டவில்லை. கடைசியில், வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த நகல் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போயிற்று.

கிட்லேப் நிறுவனத்தை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். நடந்தவை அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். மீட்பு வேலையையே பொதுமக்கள் பார்க்கும்படி ஒளிபரப்பினார்கள். அவர்கள் மறைத்திருந்தால் இப்பாடம் நமக்குக் கிடைத்திராது.

இதிலிருந்து தெளிவது என்ன? நகல் எடுப்பது பாதி வேலை. அதிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற்றுப் பார்ப்பதே மறுபாதி. விதையைக் குதிரில் கொட்டிவைத்த உழவர் அதில் ஒரு பிடியை எடுத்து முளைகட்டிப் பார்த்துவிட்டுத்தான் விதைப்பு வரை நிம்மதியாக இருப்பார். முளைக்குமா என்று பார்க்காத விதையை நம்பி வயலை உழுவதில்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2011 பிப்ரவரியில் கூகுளின் ஜிமெயில் சேவையில் நிரல் பிழை ஒன்றால், நூற்றில் 0.02 பங்குப் பயனாளர்களின் கடிதங்கள் மறைந்தன. கூகுள் ஒவ்வொரு கடிதத்தையும் பல நிலையங்களில் பிரதியெடுத்து வைத்திருந்தது. ஆயினும் பிழை அப்பிரதிகளையும் தொட்டுவிட்டது. கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் தனியே இருந்த காந்த நாடாக்களிலிருந்தே அக்கடிதங்களை மீட்டார்கள். நகல் வேறிடத்தில் இருந்தால் மட்டும் போதாது. வேறு விதமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீங்கள் கேட்க வேண்டியவை

வாசகர்களே, நம்மில் பலர் 858 டெராபைட்டை ஆளும் பதவியில் இல்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கோ, பள்ளியின் மதிப்பெண் பதிவேடோ, அச்சகத்தின் பக்கங்களோ, உங்கள் ஆய்வேடோ ஏதேனும் ஒரு கணிப்பொறியில் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். ஒரு சிறிய அலுவலகத்துக்கு இதற்கு ஆகும் செலவு ஒரு வெளி வட்டும், அதை வாரம் ஒருமுறை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் ஓர் ஆளுந்தான். நகல் எடுத்தவுடன் அந்த வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். இணைந்தே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் திருட்டு நிரல்கள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

உங்கள் அலுவலகத்தில் “எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் அதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, மேலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்நகல் இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்? நகல் எடுப்பது தோல்வியுற்றால் அது யாருக்கு, எவ்வழியில் தெரியும்? எது எதற்கு நகல் இல்லை?

நான்காவது கேள்விக்கு விடை பெறுவதே கடினம். நகல் உள்ளவற்றின் பட்டியல் எல்லா இடங்களிலும் இருக்கும். இல்லாதவற்றின் பட்டியலை எவரும் எழுதி வைப்பதில்லை. தேஜோனில் அப்பட்டியலை ஒருவர் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்திருந்தால், அதன் முதல் வரியிலேயே ஜி-டிரைவ் இருந்திருக்கும். அதற்கு எதிரே ‘அளவு பெரிது’ என்று எழுதியிருந்தால், யாரேனும் ஒருவர் பென்சிலை எடுத்து 858ஐ 18ஆல் வகுத்துப் பார்த்திருப்பார்.

உங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். ஒரு தாள் போதும்.